தாய்மீனும் வழித்தோன்றலும்: பிரேசர் நதியின் மீன்தொகைக் கணிப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நதியிலே எத்தனை மீன்கள் உள்ளன என்ற வினா எழுப்புவதற்கு எளியது; விடை காண்பதற்கு அரியது. காட்டிலுள்ள மரங்களை எண்ணலாம். பட்டியிலுள்ள ஆடுகளை எண்ணலாம். மீனோ கண்ணுக்கு எளிதிற் புலனாகாத ஊடகத்துள் வாழ்வது, ஓயாது இடம்பெயர்வது, எண்ணி முடிப்பதற்குள் பிடிபட்டோ இறந்தோ போவது. ஆதலின் மீன் குடித்தொகை பற்றிய விஞ்ஞானம் தொடக்கம் முதலே நேரடி எண்ணலாக அன்றி, சில தடயங்களிலிருந்து ஊகித்தறியும் கணிதமாகவே வளர்ந்தது. அவ்வூகம் எவர் எழுப்பிய வினாவுக்கு விடையாக மேற்கொள்ளப்பட்டது, அதன் விளைவை எவர் நுகர்ந்தனர், எவர் சுமந்தனர் என்பன விஞ்ஞான வரலாற்று நூல்களிற் போதிய அழுத்தம் பெறுவதில்லை. விஞ்ஞானம் ஒரு சமுதாய நடவடிக்கை என்பதைப் பொதுப்படக் கூறி அமைவதிலும், ஒரு நதியையும் ஒரு சமன்பாட்டையும் எடுத்து ஆராய்வது பயனுடையது எனக் கருதுகிறோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் நதி கனடாவின் மேற்குக் கரையிலுள்ள பிரேசர். எமது வாசகருக்கு இது தொலைதூர விடயமாகத் தோன்றலாம். எனினும் எமது கடைகளில் விற்கப்படும் ரின்மீனை, உள்ளே இருப்பது எந்த மீனாயினும், 'சமன்' என்றே மக்கள் கேட்டு வாங்குவதை நினைவுகூரலாம். அம்மீன் ஒருபோதும் நீந்தியிராத கடல்களின் கரைகளுக்கும் அதன் பெயர் தகரத்தில் அடைபட்டு வந்து சேர்ந்த வரலாற்றின் ஒரு முனை பிரேசர் நதியின் கழிமுகத்திலே உள்ளது.

1

ரொக்கி மலைகளில் ஊற்றெடுத்து ஏறக்குறைய 1,370 கிலோமீற்றர் ஓடி, வன்கூவர் நகருக்கருகே கடலிற் கலப்பது பிரேசர் நதி. அதன் பிரதான ஓட்டத்திற் குறுக்கே இன்றுவரை அணைக்கட்டு எதுவும் எழுப்பப்படவில்லை. இந்நதியிலே ஏறும் சமன் இனங்களுள் வாணிப மதிப்பு மிக்கது 'சொக்கை' எனப்படுவது. அப்பெயர் நதிக்கரை ஆதிக்குடிகளின் மொழிச்சொல் ஒன்றின் ஆங்கிலத் திரிபு.

சொக்கையின் வாழ்க்கை வட்டம் கணித விஞ்ஞானிக்கெனவே வகுக்கப்பட்டது போன்றது. இலையுதிர் காலத்தில் ஓடைகளின் பரற்கற்களிடையே பெண்மீன் மூவாயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. அடுத்த இளவேனிலில் வெளிப்படும் குஞ்சுகள் பெரும்பாலும் ஓராண்டை ஏரியொன்றிற் கழித்துப் பின் கடலுக்குச் செல்கின்றன. கடலில் இரண்டாண்டுக்குச் சற்று மேலாக வளர்ந்து, நான்காம் ஆண்டிலே தாம் பிறந்த அதே ஓடைக்கு மீளுகின்றன. முட்டையிட்டதும் தாயும் தந்தையும் இறந்துபோகின்றன. தலைமுறைகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஓராண்டின் தாய்மீன் தொகை இன்னது, நான்காண்டின் பின் அவற்றின் வழித்தோன்றல் தொகை இன்னது என்று, வணிகன் பேரேட்டில் முதலையும் வரவையும் எழுதுவது போல எழுதி வைக்கலாம். மீன்தொகைக் கணிப்பின் புகழ்பெற்ற வளையி ஒன்று இம்மீனை அறிந்தவர் ஒருவரின் கையிலே பிறந்தது தற்செயலன்று.

இந்த நான்காண்டு ஒழுங்கை ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நதிக்கரை மக்கள் அறிந்திருந்தனர். கழிமுகத்தில் மஸ்குயீம் மக்களும், கீழாற்றில் ஸ்ரோலோ மக்களும், மலையிடுக்கிலே இங்லகப்ம மக்களும், அதற்கு மேலே செக்வெப்பெம்க் மக்களும் சமனை வாழ்வின் அடிப்படையாகக் கொண்டிருந்தனர். மலையிடுக்கின் பாறைகளிலே குறித்த குடும்பங்களுக்குக் குறித்த மீன்பிடி நிலைகள் உரியனவாயிருந்தன. அங்கு வீசும் உலர்காற்றிலே மீனைக் காயவைத்துக் குளிர்காலத்துக்குச் சேமித்தனர். எந்த ஆண்டு பெருவரவு, எந்த ஆண்டு சிறுவரவு என்ற அறிவு அவர்களிடம் எழுத்தில் இருக்கவில்லை. உடைமை முறையிலும் உழைப்புப் பிரிவினையிலும் பொதிந்திருந்தது. பிற்காலத்து ஆய்வாளர் இதனை 'வழிவழி அறிவு' என்று தனியொரு பெட்டியிலே போட்டு வைப்பர். நாம் அவ்வாறு பிரிப்பதை ஒப்பவில்லை. அதுவும் ஒரு மீன்தொகைக் கணிப்பே.

2

1870களின் தொடக்கத்தில் நதியின் கழிமுகத்திலே தகரத்தில் மீனடைக்கும் ஆலைகள் தோன்றின. பிரித்தானியத் தொழிலாள வர்க்கத்துக்கு மலிவான புரதம் தேவைப்பட்டது. அதனை உலகின் மறுகோடியிலிருந்து கப்பலேற்ற மூலதனம் முன்வந்தது. ஆலைகளிலே ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்ட சீனத் தொழிலாளர் மீனை வெட்டினர். ஆதிக்குடிப் பெண்கள் கழுவித் தகரங்களில் நிரப்பினர். ஐரோப்பியரும் ஜப்பானியரும் ஆதிக்குடியினரும் படகுகளில் வலை வீசினர். இருபதாம் நூற்றாண்டின் முதலாண்டுகளில் மீனின் தலையையும் குடலையும் அகற்றும் இயந்திரம் ஒன்று புகுத்தப்பட்டபோது, அது எந்தத் தொழிலாளரை வெளியேற்றியதோ அந்தச் சீனரை இழித்துரைக்கும் சொல்லே அதற்கு வாணிபப் பெயராயிற்று. 1900 யூலையில் மீனவர் மீன் ஒன்றுக்கு 25 சதம் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். ஸ்ரிவ்ஸ்ரனுக்குப் படை அனுப்பப்பட்டது. இறுதியில் 19 சதத்துக்கு இணக்கம் ஏற்பட்டது.

இங்கு எமது பொருளுக்கு இன்றியமையாத சட்டமொன்றைக் குறிப்பிடல் வேண்டும். 1888இன் மீன்பிடி ஒழுங்குவிதிகள் ஆதிக்குடியினர் உணவுக்காக மீன்பிடிக்கலாம், விற்பனைக்காகப் பிடிக்கலாகாது என்று வகுத்தன. அதுவரை உண்பதற்கும் பண்டமாற்றுக்கும் வேறுபாடின்றிப் பிடிக்கப்பட்ட மீன், ஒரு சொற்றொடரின் வலிமையால் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நதி முழுவதும் வாணிபத்துக்கு உரியதாயிற்று; உணவு என்பது அதிலே ஒரு விதிவிலக்காயிற்று. டக்ளஸ் ஹரிஸ் தமது 2001ஆம் ஆண்டு நூலிலே இச்சட்ட வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

ஆலை உரிமையாளரும் அரசும் மீன் குறையக்கூடும் என்பதை அறியாதவரல்லர். ஆனால் அவர்கள் நாடிய பரிகாரம் பிடிப்பைக் குறைப்பதன்று. குஞ்சு பொரிக்கும் நிலையங்களை அமைப்பதாகும். 1880களின் நடுப்பகுதியில் இந்நதியிலே முதல் நிலையம் நிறுவப்பட்டது. முட்டையைச் செயற்கையாகக் கருக்கட்டச் செய்து குஞ்சுகளை ஆற்றில் விட்டால் வலைகள் எவ்வளவு அள்ளினாலும் ஈடு செய்துவிடலாம் என்ற நம்பிக்கை அரை நூற்றாண்டுக் காலம் கேள்வியின்றி நிலைத்தது. ஆலை எந்த முறையில் மீனைத் தகரத்துள் அடைத்ததோ அந்த முறையிலேயே மீனை உற்பத்தியும் செய்யலாம் என்ற எண்ணத்தின் நீட்சியாகவே இதனைக் கொள்ளவேண்டும்.

3

1913 நதியின் வரலாற்றில் மறக்கமுடியாத ஆண்டு. 1901, 1905, 1909 என வந்த நான்காண்டுப் பெருவரவின் முறைப்படி அவ்வாண்டு பெருவரவாண்டு. கனடாவிலும் ஐக்கிய அமெரிக்கப் பகுதியிலுமாக ஏறக்குறைய 24 இலட்சம் பெட்டி சொக்கை தகரத்தில் அடைக்கப்பட்டது; பெட்டி ஒன்றுக்கு ஓர் இறாத்தற் தகரங்கள் 48. அதே வேளையில் மலையிடுக்கிலே இரண்டாவது பெருங்கண்ட ரயில் பாதை அமைக்கப்பட்டு வந்தது. வெடிவைத்துப் பிளந்த பாறைகளை நதியிலே தள்ளினர். நதி மிகக் குறுகும் 'நரகவாயில்' என்னும் இடத்தில் நீரோட்டம் மாறி வேகம் பெற்றது. மேலேறிய மீன்கள் தடைப்பட்டுத் திரள் திரளாகத் தேங்கின. இங்லகப்ம மக்கள் மீன்களைக் கூடைகளிற் சுமந்து தடைக்கு மேலே கொண்டுபோய் விட்டனர். 1914 பெப்ரவரியில் சுரங்கப்பாதைக்கு அருகே பெரும் பாறைச்சரிவும் நிகழ்ந்தது. 1913இன் பிள்ளைகள் திரும்பவேண்டிய 1917இல் அடைக்கப்பட்ட பெட்டிகள் முன்னைய தொகையின் நான்கில் ஒன்றளவிலேயே நின்றன.

இதன்பின் நிகழ்ந்தது வரலாற்று மாணவனுக்கு வியப்பளிப்பதன்று. மீன்வளம் அருகிவிட்டது, பாதுகாக்கவேண்டும் என்ற பெயரில் மலையிடுக்கில் ஆதிக்குடியினரின் மீன்பிடி கட்டுப்படுத்தப்பட்டது. கழிமுகத்தின் வலைகள் தொழிற்பட்டன. ரயில் ஓடிற்று.

இக்காலப்பகுதியிலேயே எண்ணும் விஞ்ஞானம் தன் முதற்கருவிகளைப் பெற்றது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாள்ஸ் கில்பேட், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்று மீனின் செதிலிலும் வளர்ச்சி வளையங்கள் உண்டு என்பதைப் பயன்படுத்திச் சொக்கையின் வயதைக் கணித்தார். பெரும்பாலானவை நான்காம் ஆண்டிலே திரும்புகின்றன என்பது இதனால் உறுதியாயிற்று. செதிலின் உட்பகுதி அமைப்பைக் கொண்டு ஒவ்வொரு நீர்த்தொகுதியின் மீன்களையும் வேறுபடுத்தவும் அவர் முயன்றார். 'பிரேசர் நதிச் சமன்' என்பது ஒரே கூட்டமன்று, தத்தம் ஓடைக்கு மீளும் பல கிளைக்குடிகளின் தொகுப்பு என்ற உண்மை அவருடைய ஆய்வுகளால் வலுப்பெற்றது. இவ்வுண்மை பின்னர் எத்துணை தொல்லை கொடுக்கும் என்பதை அன்று எவரும் முற்றாக உணர்ந்திருக்க முடியாது.

4

பிரேசரின் கீழ்ப்பகுதியிலே 'கல்ற்றஸ்' என்றொரு சிறிய ஏரி உண்டு. அப்பகுதியின் வாணிபக் கலப்புமொழியிலே அச்சொல்லுக்குப் 'பயனற்றது' என்பது பொருள். மீன்தொகை ஆய்வின் வரலாற்றில் அதனைவிடப் பயன்பட்ட ஏரியை நாம் அறியோம்.

1925 முதல் அதன் வாயிலிலுள்ள ஓடையிலே வேலியொன்று அமைக்கப்பட்டு, உள்ளே ஏறும் தாய்மீன்களும் வெளியே செல்லும் குஞ்சுகளும் எண்ணப்பட்டன. பேர்ஸ்ரர் என்னும் ஆய்வாளர் பன்னீராண்டுக் காலம் ஒரு பரிசோதனையை நடத்தினார். சில ஆண்டுகளில் மீன்களை இயல்பாக முட்டையிட விட்டார். சில ஆண்டுகளில் முட்டைகளைக் கருக்கட்டச் செய்து புதைத்தார். சில ஆண்டுகளில் குஞ்சு பொரித்து விட்டார். கடலுக்குச் சென்ற குஞ்சுகளின் தொகையை ஒப்பிட்டபோது செயற்கை முறையால் குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் காணப்படவில்லை. அரை நூற்றாண்டு நம்பிக்கை ஓர் ஓடையின் வேலியில் முறிந்தது. 1930களின் நடுப்பகுதியிலே கனடிய அரசு பிரித்தானிய கொலம்பியாவின் சொக்கைக் குஞ்சு பொரிக்கும் நிலையங்களை மூடியது. தனக்கு வசதியான நம்பிக்கை ஒன்றை அரசு நிறுவனமொன்று எண்ணிக்கையின் முன் கைவிட்ட இந்நிகழ்ச்சி அரியது; உரிய பாராட்டை இன்னும் பெறவில்லை என்பது எமது கருத்து. பொருளாதார மந்தக் காலத்தில் செலவைக் குறைக்கும் ஆவலும் இதற்குத் துணைநின்றிருக்கலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இவ்வேரியிலே பேர்ஸ்ரருடன் பணியாற்றிய இளைஞர் வில்லியம் எட்வின் றிக்கர். 1908இல் ஒன்ராறியோவிற் பிறந்தவர். கொன்றுண்ணி மீன்களை அகற்றினால் சொக்கைக் குஞ்சுகளின் உயிர்பிழைப்பு உயருமா என்பதை இருவரும் இவ்வேரியில் ஆராய்ந்தனர். அது தெளிவாகவே உயர்ந்தது. 1939இல் றிக்கர் இந்தியானாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1950இல் நனைமோவிலுள்ள பசுபிக் உயிரியல் நிலையத்துக்கு மீண்டார்.

றிக்கரின் வாழ்விலே எமது வாசகரின் கவனத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு. மீன்பிடியின் உயிரியல் அடிப்படை குறித்துப் பரனோவ் என்னும் ருசிய அறிஞர் 1918இல், புரட்சியின் கொந்தளிப்பிடையே, ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். மீன்கள் பிடியாலும் இயற்கையாலும் இறக்கும் வீதங்களை ஒரே சமன்பாட்டுள் அடக்கிய அக்கட்டுரை மேற்கில் நெடுங்காலம் அறியப்படவில்லை. அதனைப் படிப்பதற்காகவே றிக்கர் ருசிய மொழியைக் கற்று மொழிபெயர்த்தார். பிற்காலத்தில் மீனியல் மாணவருக்கென ருசிய-ஆங்கிலச் சொற்றொகுதி ஒன்றையும் தொகுத்தார். கெடுபிடிப்போரின் நடுவே இது சாதாரணச் செயலன்று. இன்னொரு பக்கத்தையும் கூறல் நேர்மையாகும். பரனோவின் சொந்த நாட்டிலேயே மீனியலாளர் சிலர் அவருடைய கொள்கையை உயிரியலை யந்திரவியலாகக் குறுக்கியது என்று கண்டித்தனர். அக்கண்டனத்தில் கட்சிச் சொல்லாடலும் இருந்தது, உண்மையும் இருந்தது. மீன் இறக்கும் வீதம் மாறிலியன்று. அது உணவையும் நீரையும் கூட்டத்தின் அடர்த்தியையும் பொறுத்தது.

அடர்த்தி பற்றிய அவ்வினாவுக்கே றிக்கரின் 1954ஆம் ஆண்டு ஆய்வு விடை கூற முயன்றது. தாய்மீன்கள் பெருகினால் சந்ததியும் பெருகும் என்பது பொதுப்புத்தி. ஆனால் ஓடையின் பரற்படுக்கை அளவுடையது. பின்வந்த பெண்மீன் தன் குழியைத் தோண்டும்போது முன்வந்தது இட்ட முட்டைகளைக் கிளறிவிடுகிறது. ஏரியில் குஞ்சுகள் உணவுக்குப் போட்டியிடுகின்றன. நெருக்கம் கொன்றுண்ணிகளையும் கவர்கிறது. ஆகவே தாய்மீன் தொகை உயர உயரத் தாயொன்றுக்குரிய சந்ததி குறைந்துகொண்டே செல்லவேண்டும். இதனை அவர் எளிய கணித வடிவிலே கூறினார்: தாய்மீன் தொகையை ஒரு மாறிலியாற் பெருக்கி, அத்தொகை கூடுந்தோறும் அடுக்குமுறையிலே தேயும் ஒரு காரணியால் மீண்டும் பெருக்கினால் வழித்தோன்றல் தொகை கிடைக்கும். வரைபில் இது முதலில் விரைந்தேறி, ஓர் உச்சியை அடைந்து, பின் மெல்லத் தாழும் மேடாக அமையும். தாய்மீனும் சந்ததியும் சமமாகும் சாய்கோடு ஒன்றை அதன்மீது வரைந்தால், வளையிக்கும் கோட்டுக்கும் இடைப்பட்ட உயரமே பிடிக்கத்தக்க மிகை. அவ்வுயரம் மிகப் பெரிதாகும் இடத்திலே தாய்மீன் தொகையை நிறுத்தி வைத்தால் ஆண்டுதோறும் உச்ச விளைச்சலைப் பெறலாம்.

ஈண்டு 'மிகை' என்ற சொல்லிலே சற்றுத் தரித்தல் வேண்டும். அடுத்த தலைமுறைக்குத் தேவையானதற்கு மேற்பட்ட மீன் எல்லாம் மிகை என்பது வளையியின் மொழி. அந்த மிகையைக் கரடி உண்கிறது, கழுகு உண்கிறது, அழுகிய உடல்களிலிருந்து கடலின் நைதரசன் காட்டு மரங்களுக்குப் போகிறது, மேலாற்று மக்கள் அதனைக் காயவைத்துக் குளிர்காலம் கடத்துகின்றனர். வளையியிலே இவற்றுக்கு அச்சு எதுவும் இல்லை. உச்ச நீடித்த விளைச்சல் என்ற கருத்து உயிரியலிலிருந்து கொள்கைக்குச் சென்றது என்பதிலும், கொள்கையிலிருந்து உயிரியலின் பெயரைப் பெற்றது என்பதே பொருந்தும் எனக் கார்மெல் பின்லி 2011இல் வெளியிட்ட நூலில் வாதிடுகிறார். 1949இல் ஐக்கிய அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களத்தில் வில்பேட் சப்மன் அதனை நாட்டின் கடற்கொள்கையாக்கினார். 1955இன் உரோம் மாநாட்டில் அது சர்வதேச வழக்காயிற்று. பிறநாட்டார் வளத்தை 'முழுமையாக' பயன்படுத்தாவிடில் அங்கு மீன்பிடிக்கும் உரிமை தமக்குண்டு என்று கூறவும், தமது கரையிலே பிறரைத் தடுக்கவும் அக்கருத்து ஒருங்கே உதவிற்று. எனினும் றிக்கரின் வளையியை ஏகாதிபத்தியத்தின் வளையி என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவதும் தவறு. பிடிப்புக்கு வரம்பு வேண்டும் என்று ஆலையுரிமையாளர் முன் எண்களோடு கூறுவதற்கு முதற்கருவியைத் தந்ததும் அவ்வளையியே.

5

நரகவாயிலுக்குத் திரும்புவோம். இரு நாடுகளும் 1930இல் கைச்சாத்திட்டு 1937இல் உறுதிப்படுத்திய உடன்படிக்கையின்படி சர்வதேசச் சமன் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய தொம்சன், மீன்களுக்குக் குறித்தகடு பூட்டி விட்டு, அவை நரகவாயிலைக் கடக்க எடுக்கும் நாட்களைக் கணித்தார். குறித்த நீர்மட்டங்களில் மீன் மேலேறவே இயலாது தேங்கி அழிகிறது, 1913இன் தடை முற்றாக நீங்கவில்லை என்பது 1945இல் வெளிவந்த அவருடைய முடிபு. 1946இலே சீமெந்து மீன்வழிகள் கட்டி முடிக்கப்பட்டன.

1947இல் றிக்கர் அதனை மறுத்து எழுதினார். தடை இருந்ததை அவர் மறுக்கவில்லை. நதியின் நலிவு முழுவதற்கும் அதனையே காரணமாக்கச் சான்று போதுமா என்பதே அவருடைய வினா. பிடித்துக் குறியிடப்பட்ட மீன், குறியிடப்படாத மீனைப் போன்றே வலுவுடன் ஏறும் என்று எங்ஙனம் கொள்வது?

இவ்விவாதம் வெறும் புள்ளிவிபர விவாதமன்று. தடையே காரணம் எனின் பரிகாரம் பொறியியலாளர் கையில் உள்ளது, சீமெந்தாற் சரிசெய்யலாம், வலைகளுக்குக் குறைவில்லை. மிகைப்பிடிப்பே காரணம் எனின் ஆலைகளின் மூலதனத்திலே கைவைக்க வேண்டும். மதியூ எவென்டன் 2004இல் வெளியிட்ட நூலில் இவ்விவாதத்தின் அரசியலை நுணுகி ஆராய்ந்துள்ளார். மீன்வழி கட்டப்பட்டதன் பின் மீன்தொகை ஓரளவு மீண்டது உண்மை. அதே காலத்தில் ஆணைக்குழு பிடிப்பையும் ஒழுங்குபடுத்தியமையால் எது எவ்வளவுக்குக் காரணம் என்று பிரித்தறிவது கடினமாயிற்று. நாம் றிக்கரின் பக்கமே சற்றுச் சாய்கிறோம். ஆயினும் தொம்சனின் ஆய்வு நதியிலே மின்வலு அணைகள் கட்ட விரும்பியோருக்கு எதிராகப் பெரும் அரணாக நின்றது என்பதையும் கூறாது விடலாகாது. சிறிய தடையொன்றே இத்துணை சேதம் விளைவித்தது எனின் பேரணை என்ன செய்யும் என்ற வாதத்துக்கு விடையிருக்கவில்லை.

6

ஒற்றைக் குடிக்கென வரைந்த வளையியைப் பல கிளைக்குடிகள் கலந்தேறும் நதிக்குப் பிரயோகித்தபோதே உண்மையான சிக்கல் எழுந்தது. கழிமுகத்தில் வலை வீசுபவனுக்கு அடம்ஸ் ஆற்றின் மீனும் கல்ற்றஸ் ஏரியின் மீனும் ஒன்றே. வலிமையான குடி தாங்கக்கூடிய வீதத்திலே பிடித்தால் நலிந்த குடி அழியும். நலிந்த குடியைக் காக்கும் வீதத்திலே பிடித்தால் வலிய குடியின் 'மிகை' வலையைத் தப்பும். இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டியவரும் றிக்கரே. கலப்புக் குடிகளின் உச்ச விளைச்சல் பற்றிய அவருடைய கட்டுரை 1958இல் வெளிவந்தது. தமது கருவியின் எல்லையை அதனை ஆக்கியவரே நான்காண்டுள் எழுதி வைத்தார். நிர்வாகிகள் கருவியை ஏற்றனர். எல்லையைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விட்டனர். 1977இல் பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் பீற்றர் லார்க்கின் உச்ச நீடித்த விளைச்சற் கருத்துக்குக் கல்லறை வாசகமாகவே ஒரு கட்டுரை எழுதினார். ஆயினும் புதைக்கப்பட்டது எழுந்து நடமாடிக்கொண்டேயிருந்தது.

கணிதத் தரப்பிலும் ஐயங்கள் எழுந்தன. வளையியின் ஏற்றம் செங்குத்தாகும்போது அதிலிருந்து நிலையான தொகை பிறப்பதில்லை. முதலில் ஏறியிறங்கும் வட்டங்களும், பின்னர் எவ்வித ஒழுங்குக்கும் அடங்காத தளம்பலும் பிறக்கும் என்பதை 1974இல் றொபேட் மே இதே வகைச் சமன்பாட்டைக் கொண்டு காட்டினார். 1981இல் லுட்விக்கும் வோல்ற்றர்ஸும் அதனிலும் நடைமுறைசார்ந்த ஒன்றைச் சுட்டினர். தாய்மீன்களை எண்ணுவதில் ஏற்படும் பிழையே தரவுப்புள்ளிகளைச் சிதறடித்து, குறைந்த தாய்மீன்களும் போதிய சந்ததியைத் தரும் என்ற பொய்த்தோற்றத்தை ஏற்படுத்தும். அதாவது எண்ணும் பிழை நடுநிலையாக இருப்பதில்லை. அது பிடிப்பவன் பக்கமே சாய்கிறது. மாதிரியுருக்களின் நடுநிலைமை பற்றிப் பேசுவோர் இவ்வொரு முடிபையாவது ஊன்றிக் கற்றல் வேண்டும்.

வளையியின் தாழும் பகுதியும் தன் அரசியலைப் பெற்றது. உச்சிக்கு மேல் தாய்மீன் கூடினால் சந்ததி குறையும் எனின், வலையைத் தப்பி ஏறும் மீன் வீண் மட்டுமன்று, தீங்கும் ஆகும் என்று வாணிபத் தரப்பினர் வாதிட்டனர். 2004இல் வோல்ற்றர்ஸ், லெப்லொன்ட், றிடெல் ஆகியோர் தரவுகளை ஆராய்ந்து, மிகையாக முட்டையிட்டதால் குடிகள் சரிந்து வீழ்ந்தமைக்குச் சான்றில்லை என எழுதினர்.

7

1984இல் மஸ்குயீம் மீனவரான றொனல்ட் ஸ்பறோ, பிரேசரின் கழிமுகக் கிளையிலே அனுமதித்ததிலும் நீளமான வலையைப் பயன்படுத்தினார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டார். 1990இல் கனடிய உயர்நீதிமன்றம், உணவு, சமூக, சடங்குத் தேவைகளுக்காக மீன்பிடிக்கும் ஆதிக்குடிகளின் உரிமை மீன்வளப் பாதுகாப்புக்கு அடுத்த இடத்தையும், பிற மீன்பிடிகள் அனைத்திலும் முந்திய இடத்தையும் பெறும் எனத் தீர்த்தது. நூறாண்டுக்கு மேல் விதிவிலக்காயிருந்தது முன்னுரிமையாயிற்று.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. உரிமைக்கும் முற்பட்டது பாதுகாப்பு ஒன்றே எனின், பாதுகாப்புக்கு எத்தனை மீன் வேண்டும் என்பதை வரையறுப்பவர் யார்? அது மாதிரியுருவின் வேலை. முன்னர் ஆலையின் இலாபத்தை அளந்த வளையி இப்போது ஒரு மக்கட்கூட்டத்தின் சட்ட உரிமை தொடங்கும் இடத்தை அளப்பதாயிற்று. ஆதிக்குடி அமைப்புக்கள் தமக்கெனச் சொந்த உயிரியலாளரையும் கணிப்பாளரையும் வைத்துக்கொள்ளத் தொடங்கியதன் காரணம் இதுவே.

அவ்வளையி எத்துணை நம்பத்தக்கது என்பதை 2009 காட்டிற்று. ஒரு கோடிக்கு மேற்பட்ட சொக்கை வரும் என்பது முன்கணிப்பு. வந்தவை ஏறக்குறைய 15 இலட்சம். மீன்பிடி மூடப்பட்டது, நீதிபதி புரூஸ் கோயன் தலைமையில் விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. ஆணைக்குழு அமர்ந்திருக்கையிலே, 2010இல், 2 கோடியே 80 இலட்சத்துக்கு மேற்பட்ட மீன்கள் வந்தன. 1913க்குப் பின் அத்தகைய வரவு கண்டதில்லை. அதனையும் எவரும் முன்கணித்திருக்கவில்லை. 2012இல் வெளிவந்த அறிக்கை ஒற்றைக் காரணம் எதனையும் சுட்ட மறுத்து, 75 பரிந்துரைகளைச் செய்தது. 2020இல் வந்தவை 3 இலட்சத்திலும் குறைவு. பதிவுகள் தொடங்கிய காலத்திலிருந்து அதுவே மிகத் தாழ்ந்த தொகை. அதற்கு முன்னர், 2018இன் பிற்பகுதியில், நரகவாயிலுக்கும் மேலே 'பிக் பார்' என்னும் இடத்தில் பாறைச்சரிவு ஏற்பட்டு நதியைத் தடுத்திருந்தது. 2019 யூனிலேதான் அது கண்டறியப்பட்டது. அவ்வாண்டிலே ஏறக்குறைய 60,000 சமன் ஹெலிகொப்டர் மூலம் தடைக்கு மேலே கொண்டுபோய் விடப்பட்டன. கூடைகள் மாறியிருந்தன, சுமப்பதற்கு முன்வந்தோருள் நதிக்கரை ஆதிக்குடியினர் மீண்டும் இருந்தனர்.

இனிக் கல்ற்றஸ் ஏரி. 1925இல் அமைத்த வேலியிலே எண்ணல் தொடர்ந்தமையால், உலகில் மிக நீண்ட மீன் எண்ணிக்கைப் பதிவுகளுள் ஒன்று அச்சிற்றேரிக்கு உரியது. அப்பதிவு ஒரு குடி அழிவதன் பதிவாகவும் அமைந்துவிட்டது. 2002இல் அவ்வேரியின் சொக்கை அருகிவரும் உயிரினமென அவசரமாக மதிப்பிடப்பட்டது. 2003இல் அது உறுதிப்படுத்தப்பட்டது. ஆனால் அதனைச் சட்டத்தின் பட்டியலிற் சேர்த்தால், அதனோடு கலந்தேறும் ஏனைய சொக்கையைப் பிடிக்கும் வாணிபம் பெரும் இழப்புக்குள்ளாகும் எனக் கூறி 2005 சனவரியிலே அரசு மறுத்தது. 1958இன் கட்டுரையிலே எழுதப்பட்டிருந்த தெரிவு, எவ்வித கணித மறைப்புமின்றி, அமைச்சரவைத் தீர்மானமாக வெளிப்பட்டது. அதே ஆண்டு யூனில், ஒவ்வொரு கிளைக்குடியையும் தனித்தனி அலகாகப் பேணுவதாக உறுதிகூறும் சமன் கொள்கையும் வெளியிடப்பட்டது.

இன்று அவ்வேரியின் ஆழ்நீரிலே பிராணவாயு குறைந்துவருகிறது. கரையோரக் குடியிருப்பும் விளைநிலமும் சேர்க்கும் ஊட்டப்பொருளும், வெப்பமுறும் நீரும் அதற்குக் காரணங்கள். குஞ்சு பொரிக்கும் நிலையங்களாற் பயனில்லை என்று பேர்ஸ்ரர் நிறுவிய அதே ஓடைக்கு, இப்போது நிலையத்திற் பொரிக்கப்பட்ட குஞ்சுகளே கொண்டுவந்து விடப்படுகின்றன. வேலியிலே எண்ணுபவர்கள், வந்தேறும் மீன்களுள் ஏரியிற் பிறந்தவை எத்தனை, நிலையத்திற் பிறந்தவை எத்தனை என்பதையும் இப்போது பிரித்தே எழுதவேண்டியிருக்கிறது.